ஸ்டியரிங் இல்லாத இருபத்தாறு வருஷம்

இருபத்தாறு வருஷம் ரயில் ஓட்டிய ஆளுக்குப் பஸ் ஓட்டத் தெரியவில்லை என்றால் கேட்பவர்கள் சிரிப்பார்கள். ஆனால் ரயிலுக்கு ஏது ஸ்டியரிங்? வேகத்தைக் கூட்டலாம், குறைக்கலாம், ஹாரன் அடிக்கலாம். வளைவதெல்லாம் தண்டவாளத்தின் பாடு.

அந்தப் பதினெட்டு கிலோமீட்டர் கிளைப்பாதையை மூடினார்கள். தண்டவாளத்தைப் பெயர்த்துக் கான்கிரீட் போட்டு, விரைவுப் பஸ்ஸுக்கு மட்டும் என்று ஒதுக்கினார்கள். பழைய ஸ்டேஷன்கள் அப்படியே பஸ் நிறுத்தங்கள் ஆயின. ரயில்வே ஆட்களுக்கு வேலையில் முன்னுரிமை உண்டு என்றார்கள். நம் டிரைவருக்கு டிக்கெட் கவுன்ட்டரில் நாற்காலி தயாராக இருந்தது. தலைக்கு மேல் ஃபேன், பகல் வேலை. மனைவிக்கு அப்பாடா என்றிருந்தது. அவரோ விண்ணப்பத்தில் ‘பஸ் டிரைவர்’ என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்து நின்றார்.

முதல் தேர்வில் வரிசையாக வைத்திருந்த பிளாஸ்டிக் கூம்புகளில் நாலைச் சாய்த்தார். இரண்டாவதில் ஆறு. இன்னும் ஒரே ஒரு வாய்ப்பு, ஒரு மாத அவகாசம்.

சொல்லிக்கொடுக்கக் குடும்பத்திலேயே ஆள் இருந்தது. சிக்கலே அதுதான். மனைவியின் அண்ணன் லாரி ஓட்டுகிறவர். உறவுக்காரர்கள் நாலு பேர் கூடினால் போதும், “எங்க மாப்ள வேலை மாதிரி வருமா? ஏறி உக்காந்தா வண்டியே கூட்டிட்டுப் போயிடும்” என்று ஆரம்பித்துவிடுவார். அவரிடம் போய் நிற்பதற்கு டிக்கெட்டே கிழிக்கலாம் என்று டிரைவருக்கு இரண்டு நாள் தோன்றியது. மூன்றாம் நாள் பல்லைக் கடித்துக்கொண்டு போனார்.

மச்சான் வயிறு வலிக்கச் சிரித்தார். சிரித்து முடித்ததும் ஞாயிற்றுக்கிழமை காலை மார்க்கெட்டுக்குப் பின்னால் லாரி நிற்கும் மைதானத்துக்கு வரச் சொன்னார்.

டிரைவரின் கண் நேராகவே பார்த்துப் பழகியிருந்தது. பக்கக் கண்ணாடி என்று ஒன்று இருப்பதே மறந்துபோனது. திருப்பம் வந்தால் வண்டி தானே வளைந்துகொள்ளும் என்பதுபோல் கை சும்மா இருந்தது. ஒரு தடவை லாரியின் பின்சக்கரம் காலிப் பெட்டிகள் மேல் ஏறி இறங்கியது. மச்சான் கத்தவில்லை. இறங்கிப் பெட்டிகளை அடுக்கிவிட்டு, “மறுபடி எடுங்க” என்றார்.

மூன்றாவது ஞாயிறு, எஞ்சினை அணைக்கச் சொல்லிவிட்டுக் கேட்டார்.

“மாப்ள, கேலிக்குக் கேக்கல. கவுன்ட்டர்ல ஃபேனுக்குக் கீழ உக்காந்து பாக்குற வேலைய விட்டுட்டு, இந்த வயசுல எதுக்கு உங்களுக்கு இந்தப் பாடு?”

டிரைவர் சொன்னார். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு மழைநாள். சாலை தண்டவாளத்தைக் கடக்கும் இடத்தில் மரக்கடை ரயில்வே கேட் பழுதாகித் திறந்தே கிடந்தது. ஒரு பால் வண்டி தண்டவாளத்தின் மேல் ஏறி நின்றுபோயிற்று. வளைவு தாண்டியதும் பார்த்துவிட்டார். பார்த்த நொடியே முழு பிரேக்கும் போட்டார். ரயில் நின்றது, ஆனால் பால் வண்டியைத் தாண்டித்தான் நின்றது. பால்காரருக்கு உயிர் தப்பியது, ஒரு கால் போயிற்று. டிரைவர் மேல் தப்பில்லை என்று விசாரணையில் ஒரே பக்கத்தில் எழுதி முடித்தார்கள். வீட்டில் அவர் ‘சின்ன விபத்து’ என்று மட்டும் சொல்லியிருந்தார்.

“அவர் முகம் வரைக்கும் தெரிஞ்சுது மச்சான். பிரேக்கப் போட்டாச்சு, அதுக்கப்புறம் கைக்கு வேலையே இல்ல. ஒரு ஓரமா ஒடிக்கணும்னு கை துடிச்சுது. எதப் பிடிச்சு ஒடிக்கிறது?”

மச்சான் துணியை எடுத்து, சுத்தமாக இருந்த கண்ணாடியையே கொஞ்ச நேரம் துடைத்தார். பிறகு, “ரிவர்ஸ் எடுங்க. இடது கண்ணாடியிலேர்ந்து கண்ண எடுக்காதீங்க” என்றார். அந்தப் பழைய கேலியை அதற்குப் பிறகு அவர் எங்கேயும் சொல்லவில்லை.

மூன்றாவது தேர்வில் ஒரு கூம்பு சாய்ந்தது. ஒன்று சாய்ந்தால் பரவாயில்லை என்பது விதி.

பஸ்கள் ஓடத் தொடங்கின. சாலை குறுக்கிடும் இடங்களில் பஸ்ஸுக்கு எப்போதும் பச்சை விழும். மற்றவர்கள் அறுபதில் பறந்தார்கள். இவர் மட்டும் மரக்கடைச் சந்திப்பில் வேகத்தை இருபதுக்கு இறக்கினார். ஒவ்வொரு டிரிப்பும் நாற்பது நொடி தாமதம். பயணிகள் முணுமுணுத்தார்கள். டிப்போ மேலாளர் ஒரு மெமோ கொடுத்தார். அதற்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு, மறுநாளும் டிரைவர் இருபதிலேயே போனார். இரண்டாவது மெமோ வந்தது, எழுத்தில் விளக்கம் கேட்டு. ‘மரக்கடைச் சுவர் சாலையை மறைக்கிறது. தாங்கள் பஸ்ஸில் வந்து பார்க்கவும்’ என்று இரண்டே வரி எழுதிக் கொடுத்தார்.

மேலாளர் கோபத்தோடுதான் வந்து, முன் சீட்டில் உட்கார்ந்தார். இரண்டு டிரிப் ஒன்றும் நடக்கவில்லை. கடிகாரத்தைக் காட்டிக்கொண்டே வந்தார். மூன்றாவதில், சுவருக்குப் பின்னாலிருந்து ஒரு பெண் தள்ளுவண்டியோடு சிவப்பு விளக்கைப் பார்க்காமல் நடுப்பாதைக்கு வந்துவிட்டாள். டிரைவர் பிரேக்கைத் தொட்டு, ஸ்டியரிங்கை வலப்பக்கம் ஒடித்து, அவளைச் சுற்றிக்கொண்டு போய் வண்டியை நேராக்கினார். பின் சீட்டில் தூங்கிக்கொண்டிருந்தவர் விழிக்கக்கூட இல்லை. மேலாளர் மட்டும் முன்கம்பியைப் பிடித்த கையை அடுத்த நிறுத்தம் வரை எடுக்கவில்லை.

அடுத்த மாதம் புது கால அட்டவணை ஒட்டினார்கள். ஒவ்வொரு டிரிப்புக்கும் ஒரு நிமிடம் கூடுதல். மரக்கடைச் சந்திப்பில் எல்லோரும் இருபதில்தான் போக வேண்டும். அந்த ஒரு நிமிடம் டிரைவர்களின் ஓய்வு நேரத்திலிருந்து பிடிக்கப்பட்டிருந்தது. இது யாரால் வந்த வினை என்று ஓய்வறையில் பெரிய பேச்சு. நம் டிரைவர் மூலையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, டீயைக் கொஞ்சம் சீக்கிரமாகக் குடித்துவிட்டு எழுந்து போனார்.