டென்மார்க்காரன் விட்ட குறை

கல்யாணச் சீரில் சோபா செட் வேண்டாம் என்று என் தங்கை தமிழ்வாணி சொல்லிவிட்டாள். அதற்குப் பதிலாக ஒரே ஒரு நாற்காலி, அதையும் தன் சம்பளத்தில் தானே வாங்கிக்கொள்வாளாம். சென்னையில் அவள் வேலை பார்த்த கம்பெனியில் அந்த மாதிரி நாற்காலிகள்தான் கிடக்குமாம். டென்மார்க்காரன் டிசைன். அமெரிக்கா, ஜப்பான் என்று எங்கே போனாலும் அதற்குத் தனி மவுசாம்.

அவனியாபுரத்தில் எங்கள் வீட்டு வாசலில் அது வந்து இறங்கியதும் நான்தான் அட்டையைப் பிரித்தேன். ஒல்லிக் கால்கள். முதுகுக்கு வளைந்த ஒரு கட்டை, அவ்வளவுதான். பூ இல்லை, மயில் இல்லை, பளபளப்பும் இல்லை.

"என்னம்மா இது, பாதி வேலையில எந்திரிச்சுப் போயிட்டானா?"

"மரம் மரமாத் தெரியணும்ண்ணே. அதான் இதோட அழகே."

"மரத்தை மரமாப் பாக்கப் புளியந்தோப்புக்குப் போனாப் பத்தாதா?"

முறைத்தாள். எனக்கு நிஜமாகவே விளங்கவில்லை. உலகமே ஆசைப்பட்டு வாங்குகிறது என்றால் உலகத்துக்குக் கிறுக்குப் பிடித்திருக்க வேண்டும், இல்லையென்றால் எனக்கு. உட்கார்ந்து பார்த்தேன். எழுந்திருக்க மனசு வரவில்லை. அது இன்னும் குழப்பியது.

பேரையூரில் மாப்பிள்ளை பாண்டிராஜ் வீட்டில் சீர் இறக்கினோம். அவருடைய அப்பா சங்கிலி மாமா கட்டிலையும் பீரோவையும் பார்த்துத் தலையாட்டிவிட்டு, நாற்காலிக்கு முன்னால் நின்றுவிட்டார். தடவினார். குனிந்து அடியில் பார்த்தார். பிறகு எங்கள் அப்பாவைத் தனியாகக் கூட்டிப்போய், "பரவால்ல சம்பந்தி, கல்யாண அவசரம் எங்களுக்குத் தெரியாதா" என்று தோளைத் தட்டிக்கொடுத்தார். என்ன சொல்கிறார் என்று அப்பாவிடம் கேட்டேன். அவருக்கும் தெரியவில்லை.

அடுத்த வாரம் தமிழ்வாணி போன் செய்தாள். நாற்காலியை வேட்டியால் போர்த்தி மூலையில் வைத்துவிட்டார்களாம். யார் கேட்டாலும் மாமா "இன்னும் ரெடியாகல" என்கிறாராம். கல்யாணத்துக்கு அப்புறம் வீட்டிலிருந்தே அந்தச் சென்னைக் கம்பெனி வேலையைப் பார்க்கிறவள், பிளாஸ்டிக் நாற்காலியில் முதுகு வலிக்க உட்கார்ந்திருக்கிறாள்.

"வாயைத் திறந்து கேக்க வேண்டியதுதானே?"

"எப்பிடிண்ணே கேக்குறது? வந்து ஒரு மாசம்கூட ஆகல. எஞ் சேரைக் குடுங்கன்னா என்ன நினைப்பாக? நான் இந்த வீட்டாளா, விருந்தாளியான்னு எனக்கே இன்னும் புரியல."

ரெண்டு வாரம் கழித்து மறுபடியும் போன். "அண்ணே, ஆசாரி வந்து சேரைத் தூக்கிட்டுப் போயிட்டாரு."

ஞாயிற்றுக்கிழமை வரை பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். அன்று காலையிலேயே பைக்கை எடுத்துவிட்டேன். எங்கள் சீர் என்ன குப்பையா, அவள் ஆசையாக வாங்கியதைத் தொட நீங்கள் யார் என்று திருமங்கலம் தாண்டியும் வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன்.

"வாங்க மாப்ள, சரியான நேரத்துக்கு வந்தீக" என்று சங்கிலி மாமா கையைப் பிடித்து உள்ளே இழுத்துப்போனார். ஆசாரி அப்போதுதான் நாற்காலியை இறக்கிவிட்டுப் போயிருந்தார். அதன்மேல் போர்த்தியிருந்த வேட்டியை மாமா உருவினார்.

என் முகம் தெரிகிற அளவுக்கு வார்னிஷ். கால்களுக்குப் பித்தளைப் பூண். முதுகுக் கட்டையில் இரண்டு பக்கமும் மயில். நடுவில் ஆழமாகச் செதுக்கித் தங்கக் கலர் அடித்து, 'தமிழ்வாணி, பி.இ.'

"பாதி வேலையில வந்துருச்சுல்ல? சம்பந்தி மானம் போயிரக் கூடாதுன்னு ஒருத்தர்கிட்டயும் மூச்சு விடல. முடிக்கிற வரைக்கும் யாரையும் உக்கார விடல, எம் பொஞ்சாதியவே விடலையே! அது புள்ள உக்கார வேண்டிய சேரு" என்றார் மாமா. பிறகு குரலைத் தாழ்த்தினார். "எங்க வீட்டுல பேருக்குப் பின்னாடி எழுத்துப் போடுற மொத ஆளு, மாப்ள. சும்மா விடலாமா?"

ஒத்திகை பார்த்ததெல்லாம் மறந்துபோனது. யார்மேல் கோபப்படுவது என்றே தெரியவில்லை. அடுப்படி வாசலில் நின்ற தமிழ்வாணி, பேசாதே என்று கண்ணைக் காட்டினாள்.

காப்பி கொண்டுவந்தபோது மெதுவாகக் கேட்டேன். "அழுதியா?"

"அழுதேன்."

"எதுக்கு?"

"தெரியலண்ணே. மொதல்ல எஞ் சேர் போச்சேன்னு அழுதேன். அப்புறம் பேரைப் பாத்தும் அழுதேன்." அருகில் குனிந்தாள். "இன்னொரு சிக்கல் இருக்கு. நான் பி.இ. மட்டும் இல்லையே, எம்.இ.யும் முடிச்சவதானே?"

மாமாவுக்குப் பாம்புச் செவி. எழுந்து வந்துவிட்டார்.

"எம்.இ.ன்னா என்னத்தா?"

"அதுக்கும் மேல படிச்சது மாமா."

"மேலயா!" கட்டையில் மிச்சம் எவ்வளவு இடம் இருக்கிறது என்று விரலால் அளந்தார். உடனே ஆசாரிக்குப் போன் போட்டார். "யோவ், திரும்பி வாய்யா. எழுத்து விட்டுப் போச்சு." பிறகு வேட்டியை எடுத்து உதறினார். "அவரு வார வரைக்கும் போத்தி வச்சிருவோம்."

தமிழ்வாணி அவர் கையிலிருந்த வேட்டியை வாங்கி மடித்தாள். நாற்காலியை ஜன்னல் பக்கம் இழுத்துப் போட்டுக் காலை மடக்கி உட்கார்ந்துகொண்டாள்.

"வேணாம் மாமா. நான் உக்காந்திருக்கேன். அவரு வந்து சுத்தி உக்காந்து செதுக்கட்டும்."