தொண்ணூற்றைந்து ஊற்றிய மாப்பிள்ளை

எங்கள் பக்கத்தில் தொண்ணூற்றிரண்டு ஒக்டேன் ஊற்றினால் மோட்டார் சைக்கிள் நேரத்துக்குப் போய்ச் சேரும். தொண்ணூற்றைந்து ஊற்றினால் பிந்திப் போய்ச் சேரும். எண் கூடக் கூடப் பெற்றோலுக்குப் பொறுமையும் கூடும், பற்றிக்கொள்ள அவசரப்படாது, அவ்வளவுதான் விசயம். வண்டியில் இருப்பவருக்கு எதை ஊற்றினாலும் ஒரே தூரம், ஒரே நேரம். போய் இறங்கும்போதுதான் கலண்டர் வேறாக இருக்கும்.

சண்டைக் காலத்தில் பெற்றோல் இல்லாமல் மண்ணெண்ணெயில் ஓடினோமே, அப்போது ஊர் முழுக்க, வெளிக்கிடுவதற்கு முன்பே போய்ச் சேர்ந்துகொண்டிருந்தது. செத்தவீட்டுக்குப் போனவர்கள் செத்தவரோடு இருந்து தேத்தண்ணி குடித்துவிட்டுத் திரும்பினார்கள். யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஜெயசோதிக்கு வினை தொண்ணூற்றைந்தில் வந்தது. பத்தொன்பது வருசத்துக்கு முன் ஒரு திங்கட்கிழமை அவளுக்குக் கலியாண எழுத்து, பதிவுகாரர் வீட்டுக்கே வருவதாக இருந்தது. மாப்பிள்ளை குகநேசன் இருபது நிமிசத் தூரத்தில் இருந்து மோட்டார் சைக்கிளில் வர வேண்டும். ஐயர் குறித்துக் கொடுத்தபடி அவன் ஏழு பத்துக்கு வீட்டை விட்டு வெளிக்கிட்டாக வேண்டும். ஏழரைக்கு ராகுகாலம் தொடங்கிவிடும், ஒன்பது மணிக்கு முன் பெண் வீட்டுப் படி மிதிக்கக் கூடாது. நடுவழியில் நின்று நேரம் கடத்தினாலோ சகுனப்பிழை. மனிசன் யோசித்தான். சந்தியிலுள்ள பெற்றோல் செட்டில் தொண்ணூற்றைந்து ஊற்றினால் ஒன்றரை மணித்தியாலம் பிந்தும், எல்லாம் சரிவரும். ஆனால் அந்தக் கணக்குப் புது வண்டிகளுக்கானது. அவனுடையது பழைய ஐம்பது சிசி. அவ்வளவு பொறுமையான பெற்றோலை அவசரப்படுத்த அந்தச் சின்ன எஞ்சினுக்குப் பலம் காணாது.

"பத்தொன்பது வருசம் பிந்தும்," என்று செட்டில் பம்படியில் நிற்கும் ரெஜினா அன்று பின்னேரமே கணக்குப் போட்டுச் சொன்னாள். "ஒரு வியாழக்கிழமை, காலமை ஒன்பது அஞ்சு. கட்டாயம் வந்திடுவார்."

ஜெயசோதி காத்திருந்தாள். வேறு சம்பந்தம் பேசி வந்தவர்களிடம் "அவர் வந்துகொண்டிருக்கிறார்" என்று சொல்லி அனுப்பினாள். அது பொய்யுமில்லை. எழுத்துக்குத் தைத்த சட்டை அவளுக்கு இறுக்கமாகிப் போனது, தலையில் நரை விழுந்தது, தங்கை சுகந்தி கலியாணம் முடித்து இரண்டு பிள்ளைகளும் பெற்றுவிட்டாள். அவன் இல்லாத ஒரு நாளும் ஜெயசோதிக்கு நாளாகப் படவில்லை. ஒழுங்கையில் ஐம்பது சிசியின் சத்தம் கேட்டால் கையிலுள்ள வேலையைப் போட்டுவிட்டு வாசலுக்கு வருவாள், தவணைக்கு இன்னும் எத்தனை வருசம் கிடக்கிறதென்று தெரிந்தும் வருவாள்.

"வாறவருக்கு இருபது நிமிசம்," என்று தங்கையிடம் சொன்னாள். "எனக்கெல்லோ பத்தொன்பது வருசம். அந்த வருசங்கள் எனக்கு வேணுமடி."

அந்த வியாழனுக்கு முதல்நாள், அயலில் ஒரு பழைய ஐம்பது சிசியை இரவல் வாங்கினாள். ரெஜினா சொல்லிக் கொடுத்தபடி ஒரு பங்கு பெற்றோலுக்கு மூன்று பங்கு மண்ணெண்ணெய் கலந்து ஊற்றினாள். வண்டி இருமி இருமிச் சந்திக்குப் போய் நின்றபோது அந்தப் பழைய திங்கட்கிழமை ஏழே கால் மணி.

பம்படியில் ரெஜினா இளமையாக, ஒல்லியாக நின்றாள். குகநேசன் வெள்ளைச் சேட்டுப் போட்டு, டாங்கி மூடியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தான். ஜெயசோதி வண்டியை விட்டு இறங்கி அவனுக்குக் கிட்டப் போனாள். மறந்துபோயிருக்குமோ என்று பயந்த முகம், ஒரு மயிரிழையும் மறக்கவில்லை.

"இஞ்சாருங்கோ," என்றாள். "தொண்ணூற்றிரண்டையே ஊத்துங்கோ. உங்கட வண்டிக்கு அதுவே கூட."

"அதை ஊத்தினா ராகுகாலத்துக்குள்ள போய் இறங்குவன், அக்கா."

அக்கா என்றதை அவள் விழுங்கிக்கொண்டாள். "மற்றதை ஊத்தினா பத்தொன்பது வருசம் பிந்தும்."

அவன் கொஞ்சம் யோசித்தான். "பத்தொன்பது வருசம் கழிச்சு என்ன நேரத்துக்கு?"

"வியாழக்கிழமை, ஒன்பது அஞ்சு."

"வியாழன் ராகுகாலம் மத்தியானத்துக்குப் பிறகுதானே. பிறகென்ன?"

"அந்தப் பிள்ளை பாவமெல்லோ?"

"அவா இருப்பா, அக்கா. எவ்வளவு பிந்தினாலும் எனக்காக இருப்பா. கூடாத நேரத்தில நான் போய் அவாவுக்கு ஒரு குறை வந்தால்தான் என்னால தாங்கேலாது."

அவள் இருந்தாள்தானே.

"நான்தான் ஜெயசோதி," என்றாள் கடைசியாக.

"ஓ, அவாவுக்கும் அதுதான் பேர்," என்று அவன் சந்தோசப்பட்டான்.

ரெஜினா அவனுக்குத் தொண்ணூற்றைந்து ஊற்றினாள். ஜெயசோதி தன் வண்டியில் கிடந்த மண்ணெண்ணெயை வடித்துவிட்டு, "எனக்கும் அதையே ஊத்துங்கோ," என்றாள்.

இரண்டு வண்டிகளும் பக்கத்தில் பக்கத்தில் போயின. வழியில் மதில்கள் எழும்பின, கிரவல் ரோட்டில் தார் ஏறியது. அவன் ஜெயசோதியைப் பற்றியே கதைத்துக்கொண்டு வந்தான். அவள் தட்டெழுத்து வகுப்புக்குப் போகிற நாட்களில் பின்னால் வந்து, கதைக்கத் துணிவில்லாமல் தபால் கந்தோரோடு திரும்பிவிடுவானாம். இது அவளுக்குத் தெரியாது. கேட்கக் கேட்க ஆசையாக இருந்தது.

"கொஞ்சம் மெதுவாப் போவமே," என்றாள்.

"நேரம் பிழைச்சிடும், அக்கா."

வியாழக்கிழமை ஒன்பது ஐந்துக்கு வீட்டு வாசலில் வண்டிகள் நின்றன. சுகந்தி ஆரத்தித் தட்டோடு வந்தாள்.

"வாங்கோ அத்தான். அக்கா நேற்று உங்களைப் பார்க்க வெளிக்கிட்டவா, இன்னும் வரேல்லை. மண்ணெண்ணெயில போனவா, வந்திடுவா."

பிறகு, பத்தொன்பது வருசத் தூசி முகத்தில் அப்பியிருந்த ஜெயசோதியை யாரோ என்று நினைத்து, "நீங்களும் இருங்கோ," என்று இரண்டு கதிரைகளைக் கொண்டுவந்து முற்றத்தில் போட்டாள்.

"அவா வராமல் நான் உள்ளுக்கு வரமாட்டன்," என்றான் குகநேசன். "எவ்வளவு காலமெண்டாலும் இருப்பன்."

தனக்காக ஒருவன் காத்திருப்பதைப் பார்க்க ஆசைப்பட்டு, ஜெயசோதி தன் கதிரையை அவன் பக்கத்தில் இழுத்துப் போட்டு இருந்தாள். ஒழுங்கையில் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டபோதெல்லாம் இரண்டு பேரும் ஒன்றாக எழும்பிப் பார்த்தார்கள்.