பேசக் கூடாத ஆறு வாரம்

தையல்காரிக்கு இரண்டு விரல் அளவுக்கு மேல் வாய் திறக்கவில்லை. கொட்டாவி விட்டாலே காதுக்கு முன்னால் 'டக்' என்று சத்தம் கேட்கும், கண்ணில் தண்ணீர் வந்துவிடும்.

பல் டாக்டர் அவள் தாடையை அழுத்திப் பார்த்தார்.

"தூக்கத்துல பல்லைக் கடிப்பீங்களாம்மா?"

"முழிச்சிருக்கும்போதே கடிச்சுக்கிட்டுதான் இருக்கேன்."

டாக்டர் சிரித்துவிட்டார். "மூட்டுக்குள்ள இருக்கிற தட்டு விலகியிருக்கு. ஒத்தடம், குழைவான சாப்பாடு, தூங்கும்போது பல்லுல மாட்டிக்க ஒரு தகடு, கொஞ்சம் பயிற்சி. கேக்கலைன்னா ஊசி போட்டு மூட்டைக் கழுவலாம். ஆபரேஷன் கடைசிதான். ஆறு வாரம் பேச்சைக் குறைங்க."

"எங்க வீட்டுல பேசுற வாயே ஒண்ணுதான் டாக்டர்."

அவள் கணவர் பஸ் ஓட்டியவர். இரண்டு வருஷத்துக்கு முன் வந்த பக்கவாதம் அவருடைய வலது கையையும் பேச்சையும் கொண்டுபோய்விட்டது. எழுத்தும் புரிவதில்லை. கடையிலிருந்து வந்ததும் அவர் கட்டிலில் உட்கார்ந்து அவள் எல்லாவற்றையும் ஒப்பிப்பாள். இடுப்பு அளவைக் குறைத்துச் சொல்லிவிட்டுத் துணி பிடிக்கிறதென்று சண்டைக்கு வந்தவள் கதையைக் கேட்டால், அவர் பாதி முகத்தால் சிரிப்பார்.

முதல் நாள் அவள் தாடையைத் தொட்டுக் காட்டி, கையை ஆட்டினாள். தலையசைத்தார். புரிந்துவிட்டது என்று நினைத்தாள்.

மூன்றாவது வாரம் அவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். ஸ்பூனைத் தள்ளிவிட்டார். அவள் வாயைத் துடைக்கப் போனபோது, இடது கையை மட்டும் நெற்றிக்கு உயர்த்திக் கும்பிட்டார். கண் நிறைந்திருந்தது.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. தன்னைப் பார்த்துச் சலித்துப்போய்த்தான் பேசாமல் இருக்கிறாள் என்று மனுஷன் இத்தனை நாளும் நினைத்திருக்கிறார்.

"ஐயோ, என்னங்க இது! உங்க மேல எனக்கென்ன கோவம்? வாய்தாங்க வலிக்குது!"

மூன்று வாரக் கதையையும் ஒரே மூச்சில் கொட்டினாள். அவர் ஒரு கிண்ணக் கஞ்சியையும் குடித்தார். மறுநாள் காலை அவள் வாயில் ஒரு விரல்கூட நுழையவில்லை.

டாக்டர் கடிந்துகொண்டு, ஊசி போட்டு மூட்டைக் கழுவினார். வலி பாதியாகக் குறைந்தது. அதற்குப் பிறகு தினமும் பயிற்சி செய்யும்போது கணவரின் இடது உள்ளங்கையை எடுத்துத் தன் தாடையில் வைத்துக்கொள்வாள். உள்ளே 'டக்'கென்று துள்ளுவது அவர் கைக்குத் தெரியும். உடனே விரலால் தடவிக்கொடுப்பார். பேச்சு ஒரு கால் மணி நேரம். மீதிக்கு அந்தக் கையே போதுமாக இருந்தது.

அப்படி ஒன்பது நாள். பத்தாம் நாள் மத்தியானம் அவள் கடையில் இருந்தபோது அவருக்கு மறுபடி பக்கவாதம் வந்தது. பக்கத்து வீட்டுக்காரர் ஓடிவந்து சொன்னார். அவள் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

"மனசுக்குள்ள வச்சுக்காதீங்க அண்ணி, வாய்விட்டு அழுதுடுங்க," என்றாள் நாத்தனார்.

அவளும் அழத்தான் வாயைத் திறந்தாள். தாடை பாதியில் பிடித்துக்கொண்டது. சத்தமே வரவில்லை. நாத்தனார் பதறிப்போய் இரண்டு கன்னத்தையும் தாங்கிக்கொண்டாள்.

வலி முழுசாக விட நாலு மாதம் ஆயிற்று. ஆபரேஷன் தேவைப்படவில்லை.