வெள்ளைப்பூ அவரை

அம்மா கடைசியாக என்ன சொன்னாள் என்பதில் பாண்டீஸ்வரிக்கு இன்றும் நிச்சயம் இல்லை. சொன்னாளா என்பதிலேயே நிச்சயம் இல்லை. தன் காதில் விழுந்தது என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறாள். பக்கத்தில் நின்ற தம்பி மனைவி தமிழ்ச்செல்வியோ, அத்தைக்கு அன்று விடியும்போதே பேச்சு நின்றுவிட்டது என்கிறாள். நேரமும் குழம்புகிறது. வீட்டுக்குள் நுழைந்தபோது மணி பதினொன்றா, ஒன்றா? பெர்த்திலிருந்து இரண்டு விமானம் மாறி வந்த உடம்புக்கு வெயில் எந்த நேரத்து வெயில் என்று பிடிபடவில்லை. ஒன்று மட்டும் தெளிவாக இருக்கிறது. பரவை தாண்டியதும் வாடகைக் காரை நிறுத்தச் சொல்லி, சாலையோரப் புளியமரத்தடியில் குந்தி, தண்ணீர் பாட்டிலைச் சாய்த்து அவரை விதைகளைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

விதைகளின் மேல் ரோஸ் நிற மருந்து பூசியிருந்தது. கழுவக் கழுவத் தண்ணீர் ரோஸாக ஓடியது. விதையிலிருந்து முழுதாகப் போகவில்லை. விரலிடுக்கிலும் நகக்கண்ணிலும் ஏறிக்கொண்டது.

"அக்கா, கேதத்துக்குப் போறமா, சமையலுக்குப் போறமா?" என்றார் டிரைவர். அம்மா இன்னும் சாகவில்லை என்று அவரிடம் சொல்ல நினைத்தவள், பாட்டிலில் மிச்சமிருந்த தண்ணீரையும் சாய்த்தாள்.

விதைக் கடைக்காரரும் அப்படித்தான் பேசினார். யானைக்கல் பக்கம், வரும் வழியில் கண்ணில் பட்ட கடை. மருந்து பூசாத விதை வேண்டும் என்று கேட்டதற்கு, "மருந்து இல்லாம வேணும்னா பலசரக்குக் கடையில மொச்சைனு இருக்கும்மா. வாங்கிக் கொழம்பு வைங்க" என்றார். வேறு நேரமாக இருந்தால் சிரித்திருப்பாள்.

ஆறு வருடத்துக்கு முன் கணவன் ராஜபாண்டிக்குப் பெர்த்தில் வேலை கிடைத்து அவள் கிளம்பியபோது, அம்மா பழைய வேட்டித் துணியில் இருபது விதைகளை முடிந்து கொடுத்தாள். அம்மா ஒச்சாயி அதுவரை யாருக்கும் விதை கொடுத்ததில்லை. காயை முறத்தில் அள்ளிக் கொடுப்பாள். சமயநல்லூரில் வீட்டுக்குப் பின்னால் ஒரே ஒரு பந்தல். அதில் காய்த்ததைக் கூடையில் வைத்துக் கோச்சடை வரைக்கும் பஸ்ஸில் கொண்டுபோய் வீடு வீடாக விற்றுத்தான் இரண்டு பிள்ளைகளையும் வளர்த்தாள். வெள்ளைப் பூ. சந்தன நிறத்தில் விதை. ஒரு கொதியில் வெந்துவிடும் காய். அந்த விதை வேறு யாரிடமும் இல்லை என்பதுதான் அவளுடைய வியாபாரம்.

பெர்த் விமான நிலையத்தில், விதை கொண்டுவருகிறவர்கள் அறிவிக்க வேண்டும், மறைத்தால் அபராதம் என்று பெரிய எழுத்தில் எழுதியிருந்தது.

"சொல்லிருவோம். பாத்துட்டு அவங்களே முடிவு பண்ணட்டும்" என்றான் ராஜபாண்டி.

பாண்டீஸ்வரிக்குப் பயம். வரிசை நகர்வதற்குள் முடிச்சோடு குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டாள். உள்ளே விழுந்த சத்தம்கூடக் கேட்கவில்லை.

பிறகு அவள் தேடத்தான் செய்தாள். அந்த ஊர்க் கடைகளில் அவரை என்று எதுவும் கிடைக்கவில்லை. பேஸ்புக்கில் தோட்டம் போடுகிற தமிழர்கள் குழு ஒன்று இருந்தது. அதில் கேட்டதற்கு, ஒரு மணி நேர ரயில் தூரத்தில் இருந்த யாழ்ப்பாணத்து அம்மா ஒருவர் ஆறு விதை தந்தார். ஊர் வழக்கப்படி ஆடியில் ஊன்றினாள். அங்கே ஆடி குளிர்காலம். மூன்று விதை மண்ணுக்குள்ளேயே அழுகியது. மீதி மூன்றை ஐப்பசியில் வாளியில் ஊன்றினாள். ஒன்று மட்டும் முளைத்து, துணி காயப்போடும் கம்பியில் ஏறிப் பூத்தது. போட்டோ எடுத்துத் தம்பிக்கு அனுப்பினாள். அவரைக்கொடி பூத்திருக்கிறது என்று காட்டத்தான் அனுப்பினாள்.

அரைமணி நேரத்தில் அம்மா போன் செய்தாள். "நம்ம வெத பொழைச்சுக்கிருச்சாடி!" என்று கத்தினாள். பின்னால் தெருப் பெண்களின் குரல்கள். போன் கை மாறிக்கொண்டிருந்தது.

அந்த நேரத்தில் சொல்லியிருக்க வேண்டும்.

"பூ ஏன் ஊதாவா இருக்கு? நம்மது வெள்ளையில்ல?" என்று அம்மா கேட்டாள். பாண்டீஸ்வரி கம்பியில் கிடந்த துணிகளை உருவிக்கொண்டிருந்தாள். கடைசியில் அம்மாவே, "அந்த ஊருத் தண்ணி அப்பிடி போல" என்றாள். அதன் பிறகு அதைப் பற்றிக் கேட்டதே இல்லை.

அந்த வாளிச் செடியும் அடுத்த கோடையில் காய்ந்துபோனது. அதையும் பாண்டீஸ்வரி சொல்லவில்லை.

போன ஆடியில் அம்மாவுக்கு ஈரல் கெட்டுவிட்டது என்று தெரிந்தது. அந்த வருடம் பந்தலில் எதுவும் ஊன்றவில்லை. பங்குனியில் மதுரை ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது, பார்க்க வந்த உறவுகளுக்குச் சமைப்பதற்காகத் தமிழ்ச்செல்வி அடுப்படியைத் துழாவினாள். பரணில் சாம்பல் நிறைந்த ஹார்லிக்ஸ் பாட்டிலுக்குள் கொட்டைகள் கிடந்தன. மொச்சை என்று நினைத்துச் சாம்பலைக் கழுவி, ஊறவைத்து, கத்தரிக்காய் போட்டுப் புளிக்குழம்பு வைத்தாள். குழம்பு நன்றாக இருந்தது என்று எல்லோரும் சொன்னார்கள்.

மூன்று மாதமாகத் தெருவில் அவளுக்கு, வெதைய வேக வச்சவ என்று பெயர். அவள் புருஷன் செல்வக்குமார் தட்டு முன்னால் உட்காரும்போதெல்லாம், "இன்னைக்கு எந்த வெதைய வேக வச்ச?" என்றான். ஒச்சாயி மட்டும்தான் அவளுக்காகப் பேசினாள். "அவள விடுங்கப்பா. அது எங்க போயிரும்? எம்மககிட்ட இருக்கு. பாண்டி வரட்டும். இனிமே எனக்கென்ன யாவாரம், தெருவுக்கே ரெண்டு ரெண்டு தாரேன்." இரண்டு நாள் முன்பு, ஆஸ்பத்திரியில் வீட்டுக்குக் கூட்டிப்போகச் சொல்லிவிட்டார்கள் என்று தம்பி போன் செய்தபோது, அம்மா நடுவில் போனை வாங்கிக் கேட்டதும் அது ஒன்றைத்தான். "வெத கொண்டாருவேல்ல?"

"கொண்டாரேம்மா."

விமானத்தில் வரும்போது, உண்மையைச் சொல்லிவிடலாம் என்றுதான் நினைத்திருந்தாள். மதுரையில் இறங்கியதும் தைரியம் போய்விட்டது. கார் யானைக்கல்லுக்குப் போனது.

வீட்டு வாசலில் கார் நின்றதும் முதலில் ஓடிவந்தவள் தமிழ்ச்செல்வி. தலை கலைந்திருந்தது. அம்மா எப்படி இருக்கிறாள் என்று இவள் கேட்பதற்கு முன்னால், அவள் பெட்டியைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் கேட்டாள்.

"மதினி, கொண்டாந்துட்டீகள்ல?"

பாண்டீஸ்வரி அவள் முகத்தைப் பார்த்தாள். உண்மையைச் சொன்னால் அந்த விதை இனி எங்கேயும் இல்லை. கடைசி விதையைக் கொதிக்க வைத்தவள் தமிழ்ச்செல்வி என்றாகிவிடும்.

"கொண்டாந்துட்டேன்" என்றாள்.

தமிழ்ச்செல்வி பெட்டியைக் கீழே வைத்துவிட்டு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். அழுகிறாள் என்பது தோளில் தெரிந்தது.

அம்மாவை நடு அறையில் கட்டிலில் கிடத்தியிருந்தார்கள். முகமும் கண்ணும் மஞ்சளாக இருந்தன. வயிறு மட்டும் உப்பி, கை கால்கள் சுள்ளியாகக் கிடந்தன. "யம்மா, பாண்டி வந்துருக்கேன்" என்று காதருகில் சொன்னாள். கண் திறக்கவில்லை. வலது கை மட்டும் பாயைத் தடவியது.

"வெதையத்தான் தேடுது. குடுங்க மதினி" என்றாள் தமிழ்ச்செல்வி.

பாண்டீஸ்வரி ஐந்தாறு விதைகளை எடுத்து அந்த உள்ளங்கையில் வைத்தாள். அம்மாவின் கட்டைவிரல் அசைந்தது. ஒரு விதையை உருட்டியது, நின்றது, மறுபடி உருட்டியது. எத்தனையோ வருடம் பொறுக்கியும் புடைத்தும் பழகிய விரல்.

அப்போதுதான் அம்மா சொன்னாள். அல்லது சொன்னதாக இவளுக்குத் தோன்றியது.

"ஈரமா இருக்கே. வெதைய நனைக்கலாமாடி."

"கை வேர்வைம்மா" என்றாள் பாண்டீஸ்வரி.

அதற்குமேல் எதுவும் இல்லை. விரல்கள் மூடிக்கொண்டனவா, தான் மூடிவிட்டாளா, அதுவும் அவளுக்கு நினைவில்லை. பிறகு மூச்சு ஒருமாதிரி இழுத்தது. செல்வக்குமார் கரண்டியில் பால் எடுத்து ஊற்றினான். முதல் கரண்டி இறங்கியது. இரண்டாவது கடைவாயில் வழிந்தது. அடுத்த வீட்டுத் தங்கப்பொண்ணு, "யக்கா!" என்று ஒரு குரல் எடுத்தாள். அந்தக் குரலில்தான் பாண்டீஸ்வரிக்குப் புரிந்தது.

தமிழ்ச்செல்வி குனிந்து அத்தையின் கையைப் பிரித்து, விதைகளை எடுத்துத் தன் முந்தானையில் முடிந்துகொண்டாள். பையில் மீதி இருந்ததையும் கேட்டு வாங்கி முடிந்தாள்.

மூன்று மணி வாக்கில் கொட்டுக்காரர்கள் வந்தார்கள். பின்பக்கம், வெறும் கம்பாக நின்ற பந்தலின் கீழே பெஞ்சைப் போட்டு, சுற்றிலும் சேலையைப் பிடித்துக்கொண்டு, பெண்கள் அம்மாவைக் குளிப்பாட்டினார்கள். தங்கப்பொண்ணு செம்பில் தண்ணீர் ஊற்ற, தமிழ்ச்செல்வி சீயக்காய் தேய்த்தாள். பாண்டீஸ்வரி காலடியில் நின்றிருந்தாள்.

வலது கையை விரித்தபோது உள்ளங்கை முழுக்க ரோஸாக இருந்தது. ரேகைகளில் இன்னும் அடர்த்தியாக இறங்கியிருந்தது.

"என்னடி இது செவப்பு? ரத்தமா?" என்று தங்கப்பொண்ணு குனிந்தாள்.

தமிழ்ச்செல்வி தேய்ப்பதை நிறுத்தினாள். அவளுக்குத் தெரியும். பங்குனியில் அந்த விதைகளைச் சாம்பல் போகக் கழுவியவள் அவள். அவை சந்தன நிறத்தில் இருந்தன, தண்ணீரில் எந்தச் சாயமும் விடவில்லை. முதலில் கையைப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து பாண்டீஸ்வரியைப் பார்த்தாள். முகத்தை அல்ல, சேலையைப் பிடித்திருந்த விரல்களை. நகங்களை. சேலைத் திரைக்கு வெளியே கொட்டுச் சத்தம் காதை அடைத்தது.

"ஊசி குத்துன எடத்துல மருந்து பூசுனாக, சின்னத்தை" என்றாள். "அது வழிஞ்சிருக்கும்."

பிறகு தேய்க்க ஆரம்பித்தாள். சீயக்காய் போதாமல் சோப்பு வாங்கித் தேய்த்தாள். "போதும்டி, தோலு வந்துரும்" என்று யாரோ சொன்னார்கள். ஒவ்வொரு ரேகையாகத் தேய்த்தாள். போகும்வரை விடவில்லை.

பாடைத் தேர் கட்டிக்கொண்டிருந்த நேரம். கோடி போட்டு, மாலை போட்டு, அம்மாவை வாசலில் உட்காரவைத்திருந்தார்கள். தங்கப்பொண்ணு மூக்கைச் சிந்திக்கொண்டே பாண்டீஸ்வரியின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"பாண்டி, கேக்குற நேரமில்ல இது. ஒங்கம்மா எனக்கு ரெண்டு வெத தாரேன்னு சொல்லிருந்துச்சு. ஆடி பொறக்க ஒம்போது நாளுதான் கெடக்கு."

"எனக்கும்தான் சொன்னாக" என்றது பின்னால் ஒரு குரல். இன்னொருத்தி, "இவளுக்குச் சொல்றதுக்கு முன்னாடியே எனக்குச் சொல்லியாச்சு" என்றாள்.

செல்வக்குமார் திரும்பினான். "ஏத்தா, எங்கம்மா இன்னும் வாசலத் தாண்டல. அதுக்குள்ள பங்கு பிரிக்கிறீகளா?"

"நீ சும்மா இருடா. ஒங்கம்மா பேரச் சொல்லி வளக்கத்தான கேக்குறோம்" என்றாள் தங்கப்பொண்ணு. அவள் உண்மையாகத்தான் சொன்னாள். கண்ணில் தண்ணீர் நிற்காமல் வந்துகொண்டிருந்தது.

எல்லோரும் பாண்டீஸ்வரியைப் பார்த்தார்கள். அவள் அம்மாவைப் பார்த்தாள். நாடிக்கட்டு கட்டிய முகம், எதையோ சொல்லாமல் அடக்கி வைத்திருப்பது போல இருந்தது. சொல்லிவிடுவோம் என்று நினைத்தாள். இதற்குமேல் முடியாது.

"சின்னம்மா, அந்த வெத..." என்று ஆரம்பித்தாள்.

"ஏங்கிட்ட இருக்கு." தமிழ்ச்செல்வி எங்கிருந்து வந்தாள் என்று தெரியவில்லை. முந்தானை முடிச்சைக் கையில் பிடித்திருந்தாள். "பதினாறு முடியட்டும். நானே எல்லாத்துக்கும் குடுக்குறேன்."

"நீயா? பாத்துடி. அடுப்புப் பக்கம் வச்சுராத" என்றாள் ஒருத்தி. இரண்டு பேர் சிரித்து, சாவு வீடு என்று நினைவு வந்து வாயை மூடிக்கொண்டார்கள்.

தமிழ்ச்செல்வியும் சிரித்தாள்.

ஒச்சாயியை அன்று மாலையே எரித்தார்கள். பதினாறாம் நாள் காரியம் முடிந்து மூன்றாவது நாள் பாண்டீஸ்வரி பெர்த்துக்குத் திரும்பினாள். இடைப்பட்ட நாட்களில் அவளும் தமிழ்ச்செல்வியும் பலமுறை அடுப்படியில் தனியாக இருந்தார்கள். தேங்காய் துருவினார்கள், வெங்காயம் உரித்தார்கள். அதைப் பற்றிப் பேசவில்லை.

ஆடிப் பெருக்குக்கு முந்தின நாள் தமிழ்ச்செல்வி வீடு வீடாகப் போய், விதையைப் பூச்சி அரித்துவிட்டது என்று சொன்னாள். சாம்பல் போட்டு வைக்க மறந்துவிட்டதாகச் சொன்னாள். முதலில் வேக வைத்தாள், இப்போது பூச்சிக்குக் கொடுத்தாள் என்று தெருவில் பேசினார்கள். தங்கப்பொண்ணு மண்ணை வாரித் தூற்றாத குறையாகத் திட்டினாள். செல்வக்குமார் ஒரு மாதம் அவளோடு பேசவில்லை.

விஷயம் தெரிந்ததும் பாண்டீஸ்வரி போன் செய்தாள். தம்பியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடுவதாகச் சொன்னாள்.

"வேணாம் மதினி" என்றாள் தமிழ்ச்செல்வி. "எனக்குப் பழகிருச்சு. ஒங்களுக்குப் பழகாது."

தங்கப்பொண்ணு இப்போது அலங்காநல்லூரில் மகன் வீட்டில் இருக்கிறாள். செல்வக்குமார் பந்தலைப் பிரித்துவிட்டு அந்த இடத்தில் சரக்கு ஆட்டோ நிறுத்துகிறான். பாண்டீஸ்வரியும் ராஜபாண்டியும் பெர்த்தில் மூன்றாவது மாடி வீட்டுக்கு மாறிவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் தமிழ்ச்செல்வி போன் செய்வாள். போனை அடுப்பு மேடையில் சாய்த்து வைத்துவிட்டுச் சமைத்துக்கொண்டே பேசுவாள். சீக்கிரமே பேச்சு தீர்ந்துவிடும். இருவரும் போனை வைப்பதில்லை. கடுகு வெடிக்கும் சத்தம், குழாயில் தண்ணீர் விழும் சத்தம், செல்வக்குமார் தட்டைக் கேட்கும் சத்தம் எல்லாம் பெர்த்தில் கேட்டுக்கொண்டிருக்கும்.