சங்குக்கு ஒரு மாலை

ஆயுத பூஜைக்கு டிராக்டருக்கு மாலை போட்டாயிற்று, மோட்டாருக்குப் போட்டாயிற்று, அந்தப் பாழாய்ப்போன கம்பத்தை மட்டும் விட்டுவைப்பார்களா? லிங்கி ஆற்றோரம் ஜப்பான்காரர்களும் நம் அரசாங்கமும் கூட்டாக நட்டுவைத்த கம்பம் அது. அதில் தொங்கும் பெட்டி ஆற்று நீர் ஏறுவதை அளக்கும். அளவு மீறினால் சங்கு அலறும். எஸ்டேட்டில் சைரனுக்குச் சங்கு என்றுதான் பேர்.

அந்தச் சங்கை நம்பித்தான் பஞ்சாலை அக்கா நிம்மதியாக இருந்தாள். ஆற்றுப்பக்கத்துத் தாழ்ந்த லயத்து வரிசையில் கடைசி வீடு அவளுடையது. கணவன் மணியத்துக்குப் பக்கவாதம்; தூக்க நாலு ஆள் வேண்டும். சங்கு ஊதினால் எஸ்டேட்டின் மேட்டு டிவிஷனிலிருந்து குணாளன் டிராக்டரில் ஆட்களை ஏற்றிக்கொண்டு பாலம் தாண்டி வந்துவிடுவான் என்று பேசி, ஒத்திகையும் பார்த்திருந்தார்கள். அன்றைக்கு ஒரு ஜப்பான்காரர் மணியத்தின் கையைப் பிடித்துக் குனிந்து வணங்கிவிட்டுக்கூடப் போனார்.

குணாளன் போட்ட செவ்வந்தி மாலை சரிந்து பெட்டிக்குக் கீழே தொங்கியது. அது பூவா தண்ணீரா என்று பெட்டிக்கு என்ன தெரியும்? வெள்ளம் வந்துவிட்டதென்று சங்கு அலறியது. சனம் விழுந்தடித்து மேட்டுக்கு ஓடி, விஷயம் தெரிந்ததும் வயிறு வலிக்கச் சிரித்தது. ஆனால் பொய்ச்சத்தம் போட்டால் கருவி தானே பூட்டிக்கொள்ளுமாம். ஜப்பானிலிருந்து திறந்தால்தான் உண்டாம்.

மாலையை எடுத்து மாதமாகியும் சங்கு வாய் திறக்கவில்லை. பஞ்சாலை அதைப் பார்த்துக்கொள்ளும் ஆபீஸுக்குப் போன் போட்டுச் சலித்தாள்.

"எங்க கையில இல்ல லா, அக்கா," என்றாள் அங்கே வேலை பார்க்கும் விமலா. "ஜப்பானுக்கு மெயில் போட்டாச்சு."

"மெயில பாத்துட்டுத்தான் வருமா மழை?"

"நான் என்ன பண்ணட்டும், சொல்லுங்க?"

பாவம், அவளும்தான் என்ன செய்வாள்.

அப்புறம் பிடித்தது மழை, விடாமல். ஒரு மத்தியானம் பஞ்சாலை கஞ்சி கிளறிக்கொண்டிருந்தபோது கால் நனைந்தது. திரும்பினால், பின்கதவுக்கடியில் பழுப்புத் தண்ணீர். லயத்துச் சனமெல்லாம் வேலைக்குப் போயிருந்தது. குணாளனுக்கு அடித்தாள், செம்பனைக் காட்டுக்குள் லைன் கிடைக்கவில்லை. ஆபீஸுக்கு அடித்தாள்.

"இப்பவே ஜப்பானுக்குப் பேசுறேன், அக்கா," என்றாள் விமலா, அழாக்குறையாக.

மணியத்தின் அக்குளில் கைகொடுத்து இழுத்துப் பார்த்தாள். ஐயோ, அந்த உடம்பு அசைந்தால்தானே! தண்ணீர் கட்டிலைத் தொட்டது. அவன் முதுகுக்குப் பின்னால் ஏறி உட்கார்ந்து தலையைத் தன் நெஞ்சில் தாங்கிக்கொண்டாள்.

"நீ போ," என்று குழறினான்.

"வாய மூடுங்க."

தண்ணீர் அவன் மார்புக்கு வந்தபோதுதான் சங்கு ஊதியது. ஜப்பானில் எந்தப் புண்ணியவானோ திறந்துவிட்டிருந்தான். கொஞ்ச நேரத்தில் டிராக்டர் சத்தம் கேட்டது. கிட்டே வந்தது, இன்னும் கிட்டே வந்தது, பாலத்துக்கு அந்தப் பக்கமே நின்றுவிட்டது.

"அக்கா! பாலம் முங்கிருச்சு! எறங்க முடியல அக்கா!" குணாளனின் குரல் உடைந்து வந்தது.

பஞ்சாலை புருஷனின் மோவாயை இன்னும் கொஞ்சம் தூக்கிப் பிடித்தாள்.

"சங்கு ஊதிட்டாங்க, பஞ்சா," என்றான் மணியம்.