ஒன்பது புள்ளி எட்டு

“மூலப்படத்தைக் குடுங்க சார். அளந்து பாக்கணும்.”

கூட்ட அறையில் ஐந்து பேர் இருந்தோம். எதிரே உட்கார்ந்திருந்த பக்க வடிவமைப்பு அக்கா பேனா மூடியைக் கழற்றி மறுபடி மாட்டினார். நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே, தண்ணீர் பிடிக்கிற இடத்துக்குத் தனியாகக் கூட்டிப்போய் அவர் சொல்லியிருந்தார்: “இங்க எதை வேணும்னாலும் கேளு. லீவு கேளு, சம்பளம் கூட்டிக் கேளு, அவர் நாற்காலியவே கேளு. மூலப்படத்தை மட்டும் கேக்காதே.” ஏன் என்றதற்கு, “கேக்காதேன்னா கேக்காதே” என்றார். எட்டு மாதம் கேட்காமல்தான் இருந்தேன்.

பத்திரிகை ஆசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “எந்தப் படம்மா?”

“உங்க கப்பலோட படம் சார்.”

அது அவருடைய கப்பல் இல்லை. யாரோ ஒரு ஓவியர் சித்திரக்கதைக்காக வரைந்த போர்க்கப்பல். ஓவியர் செத்துப் பல வருடம் ஆகிறது. ஆனால் இந்த அலுவலகத்தில் அதை ‘சார் கப்பல்’ என்றுதான் சொல்வார்கள்.

நாங்கள் நடத்துவது போர்க்கப்பல் பிரியர்களுக்கான பத்திரிகை. வாளித் தண்ணீரைத் தவிர வேறு தண்ணீரில் இறங்கியிராத ஆண்கள், எந்தக் கப்பலில் எத்தனை பீரங்கி என்று சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு சண்டை போடுவார்கள். அந்தச் சண்டையை நாங்கள் மாதாமாதம் அச்சடித்து விற்போம். அவர்களுக்கு ஒரு வேதவாக்கு உண்டு. ஒன்பது புள்ளி எட்டு. கப்பல் உடலின் நீளத்தை அகலத்தால் வகுத்தால் ஒரு எண் வரும். நிஜமாகக் கட்டிக் கடலில் விட்ட பெரிய பீரங்கிக் கப்பல்களுக்கு அது ஆறு, ஏழு. வேகத்துக்காக ஒல்லியாகக் கட்டியவை எட்டைத் தொட்டன, கொஞ்சம் தாண்டின. சித்திரக்கதைக் கப்பலுக்கு மட்டும் ஒன்பது புள்ளி எட்டு. பதினொரு வருடத்துக்கு முன்னால் ஆசிரியர் தான் வெளியிட்ட கப்பல் புத்தகத்தில் வந்த படத்தின் மேல் அளவுகோலை வைத்து இதைக் கண்டுபிடித்தார். ‘உலகத்துக் கப்பல் பொறியாளர்களுக்குத் தோன்றாதது ஒரு கலைஞனுக்குத் தோன்றியது’ என்று எழுதினார். அந்த ஒரு வரியை வைத்துப் பதினொரு வருடம் பிழைத்தார். கூட்டங்கள், சால்வைகள், ‘9.8’ என்று நெஞ்சில் அச்சடித்த பனியன்கள். தொப்பையின் மேல் அந்த எண் இழுபட்டு நிற்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும். அவர் முதுகுக்குப் பின்னால் அவருக்குப் பேரே ‘ஒன்பது எட்டு’தான்.

என்னை எடுத்ததும் அந்த எண்ணுக்காகத்தான். கற்பனைக் கப்பல்களையும் வரலாற்றுக் கப்பல்களையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்து ஒப்பிடும் பெரிய புத்தகம் வருகிறது. நாற்பது கப்பல், நீளம், அகலம், விகிதம். சரிபார்க்கக் கப்பல் கட்டுமானம் படித்த ஒருத்தி வேண்டும். வருகிறவர்களிடமெல்லாம் ஆசிரியர் என்னை, “இவங்க குடும்பத்துலயே முதல் பட்டதாரி” என்று அறிமுகம் செய்வார். ஏதோ நான் காலில் கட்டோடு பந்தயம் ஓடுகிறவள் மாதிரி அவர்களும் தலையை ஆட்டுவார்கள். முப்பத்தொன்பது கப்பலுக்கு வரைபடம் கொடுத்தார். நாற்பதாவதுக்கு வரைபடம் கிடையாது, எண் மட்டும். “அது நமக்கே தெரியுமேம்மா, எழுதிக்கோ.”

போன வெள்ளிக்கிழமை வரை நானும் எழுதித்தான் வைத்திருந்தேன்.

கூட்ட அறை மேசைக்கு மேலே கண்ணாடி. கண்ணாடிக்கு அடியில் அந்தக் கப்பலை மேலிருந்து பார்க்கிற படம், மேசை நீளத்துக்கு அச்சடித்துப் போட்டிருக்கிறது. பதினொரு வருடமாக எல்லாரும் அதன் மேல்தான் டீ குடிக்கிறார்கள். வெள்ளிக்கிழமை நான் கப்பை வைத்த இடம் முன்பக்கத்துப் பீரங்கி மேடை. பீரங்கி சுற்றித் திரும்புகிற மேடை. வட்டமாகத்தான் இருக்க முடியும். கப்பின் அடிப்பாகம் அதன் குறுக்கே கச்சிதமாகப் பொருந்தியது. ஆனால் கப்புக்கு முன்னால் ஒரு பிறை தெரிந்தது. பின்னால் ஒரு பிறை. கப்பை நகர்த்தி அடுத்த மேடையில் வைத்தேன். அதே இரண்டு பிறை. அளவுகோலை எடுத்தேன். குறுக்கே ஐந்தரை சென்டிமீட்டர், நெடுக்கே ஏழரை. கப்பலிலிருந்த எல்லா வட்டங்களும் முட்டை வடிவம். எவனோ படத்தைத் தலையையும் காலையும் பிடித்து இழுத்திருக்கிறான். இழுத்ததைத் திரும்பச் சுருக்கிக் கணக்குப் போட்டால் ஏழு புள்ளி இரண்டு. ஊரில் இல்லாத ஒல்லி எல்லாம் இல்லை. சாதாரணக் கப்பல். சொல்லப்போனால் ஓவியர் ஒழுங்கான ஆள். நிஜக் கப்பலைப் பார்த்துப் படித்து வரைந்திருக்கிறார். கலைஞனுக்குத் தோன்றியது என்று இவர்கள் கொண்டாடியது அவர் வரையவே இல்லாததை.

அதனால்தான் கேட்டேன்.

ஆசிரியர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, “அதைத் தனியா பேசுவோம்” என்றார். கூட்டம் கலைந்தது.

தண்ணீர் பிடிக்கிற இடத்தில் அக்கா என் கையைப் பிடித்தார்.

“படிச்சுப் படிச்சுச் சொன்னேனேடி.”

“யாரு அக்கா படத்தை இழுத்தது?”

அவர் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டே சொன்னார். “அந்தப் புத்தகத்துல ரெண்டு பக்கத்துக்கும் சேர்த்துப் படம் வைக்கச் சொன்னாரு. வெச்சா ரெண்டு ஓரத்துலயும் வெள்ளையா கிடந்துச்சு. அச்சகத்துலேருந்து ஆள் வந்து வாசல்ல நிக்கறான். மூலையைப் பிடிச்சு இழுத்து விட்டேன். அவ்வளவுதான். அதைப் போய் அளப்பாருன்னு கனவா கண்டேன்?”

“அவருக்குத் தெரியுமா?”

“மூணு வருஷம் கழிச்சுத் தெரிஞ்சுச்சு. அன்னிக்குத்தான் மூலப்படம் பீரோவுக்குள்ள போச்சு. என்னை வேலையை விட்டு அனுப்பலை, அது பெரிய விஷயம் இல்லையா?”

பெரிய விஷயம்தான். அக்கா வாய் திறக்காமலிருக்க ஆசிரியர் அவரை வேலையில் வைத்துக்கொண்டார். அக்காவும் எட்டு வருடமாக அதற்கு நன்றி சொல்லிக்கொண்டு இருக்கிறார். எனக்கு அவர் மேல் இரக்கம் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

சாயங்காலம் வீட்டில் அம்மாவிடம் சொன்னேன். அம்மா ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் அளவு பார்க்கிறவர். சட்டையை மேசையில் விரித்து, நாடா வைத்துப் பார்த்து, ஒத்து வந்தால் முத்திரை குத்தி அனுப்ப வேண்டும். பனியனில் 9.8 போட்டுக்கொண்டு திரிகிற கதையைக் கேட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அப்புறம், “சரி, புத்தகத்துல உன் பேரு வருதா இல்லையா?” என்றார்.

“வரும். அளவு சரிபார்த்தவர்னு.”

“அப்புறம் என்ன? போட்டுக்கோ. நாங்க மட்டும் என்னவாம், மேலாளர் பின்னாடி வந்து நின்னா இழுத்துப் பிடிச்சுத்தான் அளப்போம். இழுத்துப் பிடிச்சா எல்லா சட்டையும் சரியாத்தான் இருக்கும்.”

“போட்டுக்கறவனுக்கு?”

“அவன் மூஞ்சிய நாம பாக்கவா போறோம்?”

அம்மாவின் வலது கை ஆள்காட்டி விரலில் முத்திரை மை எப்போதும் இருக்கும், எத்தனை சோப்பு போட்டாலும் போகாது. அந்தக் கையால்தான் எனக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தார். அந்தக் கையால்தான் என்னைப் படிக்க வைத்தார். அதனால் வாயை மூடிக்கொண்டு சாப்பிட்டேன். ஆனால், இழுத்துப் பிடித்து அளப்பதற்கு ஒரு பட்டம் எதற்கு என்று மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது. அது அம்மாவே பட்டம் இல்லாமல் செய்கிற வேலைதானே.

மறுநாள் காலை ஆசிரியர் கூட்ட அறைக்குக் கூப்பிட்டார். மேசையில் அச்சுக்குப் போகிற கடைசிப் படிகள் விரித்திருந்தன. எனக்கு ஒரு டீ வரவழைத்திருந்தார். எட்டு மாதத்தில் முதல் தடவை.

“பாரும்மா” என்று முதல் பக்கத்தைத் திருப்பினார். ‘அளவுகளைச் சரிபார்த்து உறுதி செய்தவர்’ என்று போட்டு, கீழே என் பேர். அதற்குக் கீழே என் பட்டம். நான் கேட்டிருந்ததைவிடப் பெரிய எழுத்து. இப்போது சொன்னால் என்ன, ஒரு கணம் பெருமையாகத்தான் இருந்தது. எங்கள் வீட்டில் யார் பேரும் ரேஷன் அட்டையைத் தாண்டி எங்கேயும் அச்சானதில்லை.

அட்டவணையைத் திருப்பினேன். நாற்பதாவது வரி. 9.8.

“ஏழு புள்ளி ரெண்டு சார்.”

“யார் சொன்னா?” அவர் கண் கதவுப் பக்கம், அக்காவின் மேசைப் பக்கம் போனது.

“டீ கப் சொல்லுச்சு.”

அவருக்குப் புரிந்தது. குரலைத் தணித்தார். “இங்க பாரு. இந்தக் கப்பல் மிதக்கப் போறதே இல்ல. வெறும் காகிதம். இதுல ஒல்லியா இருந்தா யாருக்கு நஷ்டம்? அத்தனை பேரு ஆசையா நம்பறாங்க.”

“அப்போ எதுக்கு சார் அளக்கறீங்க? ஆசைன்னே எழுதிடலாமே. நீளம், அகலம், ஆசை.”

“வாய் இருக்கு உனக்கு. நாளைக்கு வேற எங்கயாவது வேலைக்குப் போனா, இந்தப் பக்கத்தைத்தான் காட்டப் போற. இது இல்லேன்னா எதைக் காட்டுவ?”

அது உண்மைதான். காட்ட வேறெதுவும் என்னிடம் இல்லை. அவர் பயமுறுத்தவில்லை, கணக்குத்தான் சொன்னார். அவர் சொன்னதிலேயே அது ஒன்றுதான் இழுக்காமல் அளந்த கணக்கு.

அவர் சட்டைப் பையிலிருந்த பேனாவைக் கேட்டேன். கையெழுத்துப் போடப் போகிறேன் என்று நினைத்து, மூடியைக் கழற்றியே கொடுத்தார். என் பேரின் மேல் ஒரு கோடு போட்டேன். பட்டத்தின் மேல் இன்னொன்று. படிகளை அடுக்கி அவர் பக்கம் நகர்த்தினேன். கண்ணாடிக்கு அடியில் கப்பல் முழுசாகத் தெரிந்தது.

“அவசரப்படாதேம்மா. உக்காரு. டீ ஆறுது.”

குடிக்காத கப்பை எடுத்து, முன்பக்கத்துப் பீரங்கி மேடையின் நடுவில், பார்த்துப் பொருத்தி வைத்தேன். பையை மாட்டிக்கொண்டு வெளியே நடந்தேன். அக்கா திரையை விட்டுத் தலையைத் தூக்கவில்லை. வாசலில் இருந்து பார்த்தபோது, ஆசிரியர் உட்கார்ந்தபடி கப்பை இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம் என்று நகர்த்திக்கொண்டிருந்தார். முன்னால் இருக்கிற பிறையை மூடினால், பின்னால் இருக்கிறது பெரிதாகிக்கொண்டிருந்தது.