அடுத்த வாளி

பேச்சி அத்தை காதிலிருந்த தோட்டைக் கழற்றி, சந்தனக் கல்லில் தண்ணீர் விட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். தேய்த்த தண்ணீரைக் கரண்டியில் வழித்தெடுத்து, கட்டிலில் கிடந்த தம்பியின் வாயோரம் கொண்டுபோனாள். காசிமாயன் அதை விழுங்கவும் இல்லை, துப்பவும் இல்லை. கொஞ்சம் உள்ளே போனது, மிச்சம் காதுப் பக்கமாக வழிந்து தலையணையில் இறங்கியது. மூச்சு பழையபடியே இழுத்து இழுத்து வந்தது.

பால் ஊற்றிப் பார்த்தாகிவிட்டது. சிலமலைத் தோட்டத்து மண்ணை எடுத்துவந்து கரைத்து ஊற்றியும் பார்த்தாகிவிட்டது. மண்ணாசை இல்லை. இப்போது பொன்னாசையும் இல்லை என்று தெரிந்துபோயிற்று. போகவேண்டிய உயிர் போகாமல் கிடந்து இழுத்தால் எதன்மேலோ ஏக்கம் இருக்கிறது என்று அர்த்தம், அதைக் கண்டுபிடித்து நாக்கில் வைத்துவிட்டால் அலுங்காமல் போய்விடும். பேச்சி அத்தைக்கு இதில் துளியும் சந்தேகம் கிடையாது. தன் புருஷனையே கருவாட்டுக் குழம்பை உதட்டில் தடவி அனுப்பிவைத்தவள் அவள்.

தோட்டைத் திரும்ப மாட்டிக்கொண்டு, வாசல் நிலையில் சாய்ந்து நின்ற தம்பி மகனைப் பார்த்தாள்.

"மருமகனே, நீ காய்ச்சுன அந்தப் பீரு என்னாச்சு?"

யோகராஜ் கைலியை அவிழ்த்துத் திரும்பக் கட்டினான்.

"அது இன்னும் பதமாகல அத்தை."

சொன்னது பொய். பீர் பதமாகி, மூடி அடித்து, பாட்டில் பாட்டிலாகப் போடிமெட்டுக்கு மேலே அவர்களுடைய ஏலக்காய்த் தோட்டத்துக் குடிசையில் வாரக்கணக்காக உட்கார்ந்திருந்தது. அவனே ஒன்றைத் திறந்து குடித்தும் பார்த்திருந்தான்.

இந்தப் பீர் சமாச்சாரமே ஸ்டான்லியால் வந்தது. யோகராஜோடு பள்ளிக்கூடத்தில் படித்தவன், ஏலக்காய் வியாபாரி வீட்டுப் பையன், இப்போது நியூசிலாந்தில் இருக்கிறான். லீவுக்கு வந்தபோது ஒரு மூடி போட்ட வாளியும், மூடி அடிக்கும் கருவியும், பாகு அடைத்த தகர டப்பாக்கள் சிலதும் கொண்டுவந்து கொடுத்தான். அங்கே வீட்டுக்கு வீடு இப்படிக் காய்ச்சுகிறார்களாம். டப்பாவை உடைத்து ஊற்ற வேண்டியது, சீனியும் தண்ணீரும் சேர்க்க வேண்டியது, ஈஸ்ட்டைத் தூவி மூடி வைக்க வேண்டியது, அவ்வளவுதான் என்றான். அவன் அம்மா ஒச்சம்மாள் தன் பங்குக்கு, போலீசு வந்து மகனை அள்ளிக்கொண்டு போகப்போகிறது என்று ஒரு பாட்டம் புலம்பி ஓய்ந்தாள்.

அந்த நேரத்தில்தான் காசிமாயனுக்கு உணவுக்குழாயில் கட்டி என்று தேனியில் சொல்லி, வீட்டுக்குக் கூட்டிப் போங்கள், கேட்டதைக் கொடுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். அவர் கேட்டது பீர். வாங்கிவந்த கடைப் பீரில் ஒரு வாய் உறிஞ்சிவிட்டு, தொண்டையை அறுக்கிறது என்று தள்ளி வைத்துவிட்டார். அப்புறம்தான் அவர் பார்வை மகனுடைய வாளிப் பக்கம் திரும்பியது.

அப்பனும் மகனும் நேருக்கு நேர் பேசிக்கொண்டு வருஷக் கணக்காகியிருந்தது. பெரிய சண்டை ஒன்றும் இல்லை. யோகராஜ் தோட்ட வேலையை விட்டுவிட்டு போடி பஸ் நிலையத்துக்கு எதிரே செல்போன் கடை வைத்தான். அன்றிலிருந்து இரண்டு பேருக்கும் நடுவில் ஒச்சம்மாள்தான் தபால்காரி. அவனைச் சாப்பிடச் சொல்லு, அவரு மாத்திரை போட்டாரான்னு கேளு என்று ஒரே அறைக்குள் இருந்துகொண்டே அவள் வழியாகப் பேசுவார்கள். ஒருத்தருக்கொருத்தர் சளைத்தவர்கள் இல்லை.

முதல் வாளியை டப்பாவில் ஒட்டியிருந்த காகிதத்தில் போட்டிருந்தபடியே செய்தான். ஒரு கிலோ வெள்ளைச் சீனி. போடியின் கோடை வெயில். வாளி பின்னறையில் இருந்தது. இரண்டே நாளில் கொதித்து அடங்கிவிட்டது, இவனும் பொறுமையில்லாமல் பாட்டிலில் அடைத்துவிட்டான். காசிமாயன் ஒரு வாய் குடித்துவிட்டு வெகுநேரம் சுவரைப் பார்த்தார்.

"கழனித் தண்ணியில ஆப்பிளை ஊறப்போட்ட மாதிரி இருக்கு" என்றார். பிறகு மகனை நேராகவே பார்த்து, "சீனியை அள்ளிக் கொட்டிட்டியா? சரி. அடுத்ததுல பாப்போம்" என்றார்.

ஒச்சம்மாள் அடுப்படியில் அப்படியே நின்றுவிட்டாள். அவள் இல்லாமல் அந்த வீட்டில் ஒரு பேச்சு நடந்து முடிந்திருந்தது.

இரண்டாவது வாளிக்குச் சீனியைத் தொடவில்லை. பெங்களூரிலிருந்து பார்லி மால்ட் பவுடர் வரவழைத்தான். வாளியை வெந்நீரில் கழுவிக் கழுவிக் கை வெந்துபோனது. இந்த முறை அதை அப்பா கட்டிலுக்குப் பக்கத்திலேயே வைத்து, சுற்றிலும் ஈரச் சாக்கைச் சுற்றினான். வாளி மூடியில் சொருகியிருந்த சின்னக் குழாயில் காற்று புளுக் புளுக்கென்று குமிழ் விட்டுப் போகும். காசிமாயன் அதைப் பார்ப்பதற்கென்றே அந்தப் பக்கமாகத் திரும்பிப் படுத்துக்கொள்வார். இன்னிக்குச் சத்தம் கம்மியா இருக்கே என்பார். சாக்குக் காஞ்சிருச்சு பாரு என்பார். கொஞ்சம் ஏலக்காய் தட்டிப் போட்டால் என்ன என்று யோகராஜ் கேட்டதற்கு, ஆயுசு பூரா அதைத்தான் மோந்துகிட்டுக் கெடந்தேன், குடிக்கிறதுலயாவது அது இல்லாம இருக்கட்டும் என்றார். குடித்த பாட்டிலை உடனே கழுவிக் கவிழ்த்தால்தான் அடுத்த வாளிக்கு ஆகும் என்று ஸ்டான்லி சொன்னதை அவன் மறந்தாலும் அவர் மறக்கமாட்டார். கண்ணாலேயே பாட்டிலைக் காட்டுவார்.

அந்த வாளி பதமாகி வந்தபோது அவருக்குக் குரல் போய்விட்டது. ஒரு வாய் விழுங்கிவிட்டு, உள்ளங்கையை மேல்பக்கமாகப் புரட்டிக் காட்டினார். அடுத்ததுல பாப்போம். அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை.

மூன்றாவதை மலைக்குக் கொண்டுபோனான். கீழே அடிக்கிற வெயிலுக்கு ஈரச் சாக்கெல்லாம் காணாது என்று புரிந்திருந்தது. குடிசையின் குளிரில் அது அவசரமில்லாமல் நொதித்தது. இவனும் அவசரப்படவில்லை. பாட்டிலில் அடைத்த பிறகும் தொடாமல் கிடக்கவிட்டான். போன வாரம் போய் ஒன்றைத் திறந்தான். நுரை நின்றது. புளிப்பு இல்லை. வறுத்த கம்பு வாசம் லேசாக வந்தது. இரண்டாவது வாய் குடிக்கும்போதே, இது நன்றாக இருக்கிறது, ஒரு குறையும் சொல்ல முடியாது என்று தெரிந்துவிட்டது.

தெரிந்ததும் பாட்டிலைக் கீழே வைத்தான். அப்பா இதைக் குடித்துவிட்டுக் கையைப் புரட்டாமல் தலையை ஆட்டிவிட்டால் என்ன செய்வது? அடுத்தது ஒன்று இருக்கிறது என்றுதானே மனுஷன் இத்தனை நாள் கிடக்கிறார். குடிசையில் சாக்குகளின் மேல் உட்கார்ந்து பயத்தோடு அந்தப் பாட்டிலைக் காலி செய்தான். கீழே வந்து, இன்னும் பதமாகவில்லை என்று அவரிடமே சொன்னான். அவர் கண்ணை மூடித் திறந்தார், சரி என்பதுபோல.

அதற்குப் பிறகு அவர் பட்ட பாட்டை வாய்விட்டுச் சொல்ல முடியாது. வலி ஊசிக்கு அடங்கவில்லை. கட்டில் சட்டத்தைப் பிடித்துப் பிடித்து விரல் நகமெல்லாம் கருத்துப்போனது. யோகராஜ் கடையைத் திறப்பதும் இல்லை, கட்டில் பக்கம் உட்காருவதும் இல்லை. வாசல் நிலையே கதியென்று நின்றான்.

அடுப்படியில் தண்ணீர் குடிக்கப் போனவனை ஒச்சம்மாள் கூப்பிட்டாள். அவள் குனிந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். யார் சாப்பிடப்போகிறார்கள் என்று தெரியாத கீரை.

"அப்பு. போன வாரம் நீ மலையில இருந்து வந்தன்னிக்கு உன் வாயில வாடை அடிச்சுச்சு."

அவன் செம்பை வைத்தான்.

"அது கெட்டுப்போனதோட வாடை இல்ல" என்றாள். "எனக்கு மட்டும் அவரு போகணும்னு இருக்கா? ஆனா படுறதைப் பாக்க முடியலப்பு. போயி கொண்டா."

அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. பொய் சொன்னவனை ஒரு வார்த்தை திட்டியிருந்தால் அவனுக்கு எவ்வளவோ தேவலையாக இருந்திருக்கும்.

தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகிற ஜீப்பில் தொற்றிக்கொண்டான். வளைவுக்கு வளைவு போடி சின்னதாகிக்கொண்டே போனது. ஜீப்பில் இருந்த பெண்கள் அப்பாவை விசாரித்தார்கள். இருக்காரு என்றான். குடிசையில் பாட்டில்கள் தெளிந்து, அடியில் வெள்ளையாக வண்டல் படிந்து, அவன் வைத்த இடத்திலேயே நின்றிருந்தன. ஒன்றை எடுத்து ஈரத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, ஏலக்காய் லோடு ஏற்றி இறங்கிய இன்னொரு ஜீப்பில் உட்கார்ந்தான்.

பாட்டிலைக் குலுக்கக் கூடாது, குளிர்ந்த இடத்தில் அசையாமல் வைத்துத் தெளியவிட்டுத்தான் திறக்க வேண்டும் என்பது இதில் கைவைத்த யாருக்கும் முதலில் தெரிகிற பாடம். முதல் வளைவிலேயே அது அவனுக்கு ஞாபகம் வந்துவிட்டது. ஞாபகம் வந்து என்ன செய்ய? மூட்டைகளுக்கு நடுவே மடியில் அணைத்துப் பிடித்துக்கொண்டே வந்தான். குண்டும் குழியும் அவன் இடுப்பெலும்பு வழியாகப் பாட்டிலுக்கு ஏறிக்கொண்டே இருந்தது. மலையடியில் முந்தலுக்கு இறங்கியதும் வெயில் முகத்தில் அறைந்தது. துண்டு காய்ந்து, பாட்டில் கைச்சூட்டுக்கு வந்திருந்தது.

வீட்டு வாசலில் செருப்புகள் கூடியிருந்தன. படிக்குக் கீழேயே நின்று காது கொடுத்தான். உள்ளேயிருந்து அந்த இழுப்புச் சத்தம் கேட்ட பிறகுதான் படியேறினான்.

"வெரசா, மருமகனே" என்றாள் பேச்சி அத்தை. "கண்ணு செருகுது."

கொஞ்ச நேரம் தெளியட்டும் என்று சொல்ல வாயெடுத்தான். ஒரு வாரமாக அதைத்தானே சொல்லிக்கொண்டிருந்தான் என்று தோன்றியது. மூடியை நெம்பினான்.

பாட்டில் சீறியது. நுரை அவன் சட்டை, கட்டில், சந்தனக் கல், அத்தையின் மடி எல்லாவற்றின்மேலும் அடித்து ஊற்றியது. விரலால் அடைத்தும் நிற்கவில்லை. சுற்றி நின்றவர்கள் விலகினார்கள். பேச்சி அத்தை மட்டும் அசையவில்லை.

"பொங்கிருச்சு" என்றாள். "நல்லதுதான்."

அடங்கியபோது அடியில் இரண்டு விரல்கடை மிச்சம் இருந்தது. வண்டலெல்லாம் கலங்கி, சேற்றுத் தண்ணீர் நிறத்தில். அவன் செய்ததிலேயே நல்ல பீர் தரையில் ஓடிக்கொண்டிருந்தது. அப்பாவுக்கென்று கசண்டு மட்டும் நின்றது. கரண்டியில் சரித்து அவர் உதட்டில் வைத்தான்.

காசிமாயன் கண்ணைத் திறந்தார். தொண்டை ஏறி இறங்கியது. எத்தனையோ நாளுக்குப் பிறகு முழுசாக ஒரு வாய் விழுங்கினார். வீடே அவர் முகத்தைப் பார்த்தது. அவர் மகனைப் பார்த்தார். கட்டில் சட்டத்திலிருந்து கையை எடுத்தார், சிரமப்பட்டு உள்ளங்கையை மேல்பக்கமாகப் புரட்டினார்.

"மேல இன்னும் இருக்குப்பா" என்றான் யோகராஜ். "அது நல்லாருக்கு. குலுக்காமக் கொண்டாறேன்."

அவர் அதைக் கேட்டாரோ என்னவோ. பொழுது சாயும் நேரத்தில் இழுப்பு நின்றது. பெண்கள் ஒச்சம்மாளைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். கேட்டது கிடைத்துவிட்டது, மனசாரக் குடித்துவிட்டுப் போய்விட்டார் என்று பேச்சி அத்தை வந்தவர்களுக்கெல்லாம் சொன்னாள். கைக்கட்டை விரல்களைச் சேர்த்துக் கட்டுவதற்குப் புரண்டிருந்த கையைத் திருப்ப வேண்டியிருந்தது. யோகராஜ்தான் திருப்பிப் பிடித்தான்.

மறுநாள் சுடுகாட்டுக்குப் போய்க் குளித்துத் திரும்பியபோது பின்னறை காலியாகிக்கொண்டிருந்தது. செத்தவர் கிடந்த பாய், தலையணை, போர்வை, கரண்டி எல்லாவற்றையும் ஊருக்கு வெளியே எறிவதற்காகப் பேச்சி அத்தை ஒரு சாக்கில் திணித்துக்கொண்டிருந்தாள். கட்டில் அடியில் உருண்டு கிடந்த பாட்டிலையும் எடுத்துப் போட்டாள். அடியில் வண்டல் காய்ந்து ஒட்டியிருந்தது.

யோகராஜ் சாக்குக்குள் கையை விட்டு அதை வெளியே எடுத்தான்.

"அது தீட்டுப்பா" என்றாள் அத்தை.

அவன் அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த தண்ணீரில் ஒரு செம்பு மொண்டு, கொல்லைக் குழாயடிக்குப் போனான். வெந்நீரை ஊற்றி ஊறவிட்டான். குலுக்கிக் கொட்டினான். வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்துவிட்டு, இன்னும் கொஞ்சம் ஊற்றிக் கழுவினான். ஈரத் தலையோடு குந்தி உட்கார்ந்து, பாட்டிலைத் துவைகல்லின்மேல் தலைகீழாகக் கவிழ்த்து வைத்தான். தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது.